பதினான்காவது குரோமோசோமின் சக்குபந்தி

சூலூரில் பிறந்தவர்களிடம் என்ன வேலை என்று கேட்டால் தறி, மில், தோட்டம், ஏர்ஃபோர்ஸ் என்று ஏதாவது ஒரு பதில் வரும். நான் செய்த வேலையை ஊரில் சொல்லிப் புரியவைக்கச் சற்று நேரம் பிடிக்கும். சுண்டெலியின் ஜீன்கள் எந்தக் குரோமோசோமில், எந்த இடத்தில், எவற்றுக்கு நடுவே இருக்கின்றன என்று இடம் குறிப்பதுதான் அது. தொண்ணூறுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் அதைக் கற்றுக்கொண்டு, பல ஆண்டுகள் அதையே செய்தேன். செல்லுக்குள் புரதங்களை வெட்டித் துண்டாக்கும் புரோட்டியசோம் என்ற கூட்டமைப்பின் ஜீன்கள் எங்கள் பொறுப்பு. எங்களுக்கு முன்னும் பின்னும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பலர் இதே வேலையைச் செய்தார்கள். அத்தனை பேரில் நானும் ஒரு கை.

2002 டிசம்பரில் எலியின் முழு மரபணுத் தொகுதி வெளியானது. அதற்குப் பிறகு இந்தக் கைத்தொழிலுக்குத் தேவை இல்லாமல் போய்விட்டது. இன்று ஒரு மாணவர் ஜீனின் பெயரைத் தட்டினால் அதன் இடம் எழுத்துக் கணக்காகத் திரையில் வந்து நிற்கிறது. அந்த இடம் முதன்முதலில் எப்படித் தெரிந்தது என்று சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் புரோட்டியசோம். ஒவ்வொரு செல்லும் இடைவிடாமல் புரதங்களைச் செய்கிறது. கோணலாக மடிந்தவை, அடிபட்டவை, வேலை முடிந்தவை எல்லாவற்றையும் அகற்றவும் வேண்டும். அகற்ற வேண்டிய புரதத்தின் மேல் உபிகுவிட்டின் என்ற சிறு புரதம் சங்கிலியாக ஒட்டப்படுகிறது. அந்த அடையாளத்தைப் பார்த்து புரோட்டியசோம் அதை உள்ளே இழுத்து வெட்டுகிறது. அடையாளம் ஒட்டும் முறையைக் கண்டறிந்ததற்காக ஏரன் சிகனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது. வெட்டும் கருவியை 1980 வாக்கிலேயே ஷெர்வின் வில்க்கும் மரியன் ஒர்லோவ்ஸ்கியும் பிரித்தெடுத்திருந்தார்கள். புரோட்டியசோம் என்ற பெயர் 1988இல்தான் வந்தது.

அதன் உடல் ஓர் உருளை. நான்கு வளையங்கள், வளையத்துக்கு ஏழு துணை அலகுகள், ஆக 28. வெளி வளையங்கள் இரண்டும் ஆல்ஃபா வகை, உள் வளையங்கள் இரண்டும் பீட்டா வகை. ஏழு பீட்டாக்களில் மூன்றுதான் வெட்டும்: பீட்டா1, பீட்டா2, பீட்டா5. வெட்டும் இடங்கள் உருளைக்குள்ளே ஒளிந்திருப்பதால் செல்லின் மற்ற புரதங்களுக்கு ஆபத்தில்லை. இந்த அமைப்பை ராபர்ட் ஹூபரின் குழு 1995இல் ஒரு ஆர்க்கியா நுண்ணுயிரிலும் 1997இல் ஈஸ்டிலும் எக்ஸ்ரே படிகவியல் மூலம் காட்டியது. நான் ஆய்வகத்தில் சேர்ந்த காலத்தில் இந்தப் படம் துல்லியமாகவில்லை. எங்களிடம் இருந்தவை துணை அலகுகளின் பெயர்களும் ஒவ்வொன்றுக்கும் ஆர்என்ஏவிலிருந்து படியெடுத்த ஒரு சிடிஎன்ஏ துண்டும்தான். எக்ஸ், ஒய், இசட் என்றே சில துணை அலகுகளைக் கூப்பிட்டோம். எக்ஸ்தான் இன்றைய பீட்டா5. என் மேசைக்கு வந்தது அது.

ஒரு ஜீனின் வரிசை தெரிந்த பிறகு அதன் இடம் எதற்கு என்று அப்போது பல மாணவர்கள் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி எழவே இல்லை. என் அப்பா சூலூரில் பத்திர எழுத்தர். ஒரு பூமி கை மாறும்போது பரப்பும் சர்வே நம்பரும் மட்டும் எழுதினால் பத்திரம் நிற்காது, சக்குபந்தி எழுத வேண்டும் என்பார். இன்னார் தோட்டத்துக்குக் கிழக்கு, இட்டேரிக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் பூமிக்கு மேற்கு, இதன் மத்தியில் இத்தனை ஏக்கர். அக்கம்பக்கம் என்ன என்று தெரிந்தால்தான் அந்தப் பூமி எது, அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வண்டி எந்த வழியாகப் போகும் என்பதெல்லாம் விளங்கும். ஒருமுறை விடுமுறையில் வந்தபோது குரோமோசோம் வரைபடம் ஒன்றை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ரெண்டு எல்லைதான் போட்டிருக்குது. மீதி ரெண்டு எங்க கண்ணு?"

"குரோமோசோம் ஒரே கோடுங்கப்பா. மேலயும் கீழயும் மட்டுந்தான் பக்கத்து வீடு."

"அப்பச் சரி. ரெண்டையும் உறுதியா எழுதோணும்."

அக்கம்பக்கம் எவ்வளவு பேசும் என்பதற்கு எங்கள் துறையிலேயே பெரிய உதாரணம் இருந்தது. 1982இல் ஜான் மொனாக்கோவும் ஹ்யூ மெக்டெவிட்டும் எலியின் பதினேழாவது குரோமோசோமில் உள்ள எம்எச்சி பகுதியோடு தொடர்புடைய சிறு புரதங்களின் தொகுப்பு ஒன்றைக் கண்டார்கள். எம்எச்சி என்பது, உறுப்பு மாற்று சிகிச்சையில் ஒருவர் உறுப்பை மற்றவர் உடல் ஏற்குமா என்று தீர்மானிக்கும் ஜீன்களின் கூட்டம். இந்தச் சிறு புரதங்களுக்கு எல்எம்பி என்று பெயர். அவை சேர்ந்து ஒரு பெரிய கூட்டமைப்பாக நிற்கின்றன என்பதும் தெரிந்தது. என்ன வேலை செய்கின்றன என்பது மட்டும் ஏறத்தாழ பத்து வருஷம் தெரியவில்லை. 1991இல் ஜீன்களைப் பிரித்து வரிசை படித்தபோது எல்எம்பி2, எல்எம்பி7 இரண்டும் புரோட்டியசோமின் பீட்டா துணை அலகுகளைப் போலவே இருந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே, ஒன்றுவிட்டு ஒன்றாக, டேப்1, டேப்2 என்ற ஜீன்கள். வெட்டப்பட்ட புரதத் துண்டுகளை செல்லுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கடத்துபவை இவை. அதே வட்டாரத்தில் அந்தத் துண்டுகளை ஏந்தி செல்லின் மேற்பரப்பில் காட்டும் எம்எச்சி ஜீன்கள். வெட்டுபவர், கடத்துபவர், காட்டுபவர் மூவரும் ஒரே வட்டாரத்தில்! வைரஸ் புகுந்த செல்லை நோயெதிர்ப்புச் செல்கள் எப்படி அடையாளம் காண்கின்றன என்ற நீண்ட காலக் கேள்விக்கு அந்த ஒரு வரைபடமே பாதி பதிலைச் சொல்லிவிட்டது. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்த 1991ஆம் ஆண்டுக் கட்டுரைகளைப் படித்த வேகத்தில்தான்.

எலிகளோடு என் பழக்கம் அதற்கு முந்தியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் படித்தபோது எம். கே. சந்திரசேகரனின் ஆய்வகத்தில் வயல் சுண்டெலிகளை வைத்து உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மஸ் பூடுகா என்ற இனம், நம் வயல்களில் வளை தோண்டி வாழ்வது, உள்ளங்கையில் அடங்குவது. அவற்றைப் பார்த்துத்தான் எலியின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

எலியில் ஜீன்களை இடம் குறிக்கும் வேலையைத் தொடங்கிவைத்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். இது நம் நாட்டோடு தொடர்புள்ள கதை, இங்கே பலருக்குத் தெரியாதது. 1915இல், முதல் உலகப்போரின் நடுவே, அவரும் தங்கை நவோமியும் நண்பர் ஸ்ப்ரன்ட்டும் எழுதிய சிறு கட்டுரை வந்தது. எலியின் வெளிறிய நிறத்துக்கான ஜீனும் இளஞ்சிவப்புக் கண்ணுக்கான ஜீனும் பெரும்பாலும் ஒன்றாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்று காட்டினார்கள். பாலூட்டிகளில் இரண்டு ஜீன்கள் பிணைந்திருப்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. ஸ்ப்ரன்ட் கட்டுரை வெளிவந்த வருஷமே போர்க்களத்தில் இறந்துபோனார். ஜீன்களுக்கு இடையிலான தொலைவைச் சென்டிமார்கன் என்ற அலகில் அளக்கும் வழக்கத்தையும் ஹால்டேன்தான் கொண்டுவந்தார். 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானார். அந்தக் கட்டுரை வெளியான ஜர்னல் ஆஃப் ஜெனிடிக்ஸ் இதழும் அவரோடு இந்தியாவுக்கு வந்தது. இன்று அதை பெங்களூரிலிருந்து இந்திய அறிவியல் அகாடமி வெளியிடுகிறது. எலி வரைபடத்தின் முதல் கோடு போடப்பட்ட இதழ் நம் பக்கத்து மாநிலத்திலிருந்து வெளிவருகிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இனி, வேலை நடந்த விதம்.

மனிதக் குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் வடிவம் பார்த்து ஓரளவு பிரித்தறியலாம். எலியின் இருபது ஜோடிகளில் ஏறத்தாழ எல்லாமே ஒரு முனையில் மையம் கொண்டவை, பார்வைக்கு ஒன்றுபோல இருப்பவை. ஆகவே இனக்கலப்பு வழியேதான் போக வேண்டும். ஆய்வகத்தின் வழக்கமான கருப்பு எலி சி57பிஎல்/6. இதை ஸ்பெயினின் காட்டு எலியான மஸ் ஸ்ப்ரீட்டஸோடு கலப்பார்கள். இரண்டும் பிரிந்து பத்து லட்சம் வருஷத்துக்கு மேலாகிவிட்டதால் டிஎன்ஏவில் எங்கு பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். பிறக்கும் கலப்பு ஆண்கள் மலடு. இரு இனங்கள் கலந்தால் எக்ஸ், ஒய் என இரு வேறு பால் குரோமோசோம்களை உடைய பாலினமே முதலில் பாதிக்கப்படும் என்று 1922இல் விதி சொன்னவரும் ஹால்டேன்தான். எனவே கலப்புப் பெண்ணை மட்டும் எடுத்து, மறுபடி ஸ்ப்ரீட்டஸ் ஆணோடு சேர்ப்பார்கள். அதில் பிறக்கும் குட்டி ஒவ்வொன்றிலும் தாயின் இரு குரோமோசோம்களும் எங்கோ ஓரிடத்தில் வெட்டி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அந்த ஒட்டு விழுந்த இடங்கள்தான் எங்கள் அளவுகோல்.

வேற்றினக் கலப்பு கோயம்புத்தூருக்குப் புதிதல்ல. 1912இல் இங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் தோட்டக் கரும்பைக் காட்டு நாணலினத்தோடு கலந்து கோ 205 ரகத்தை உருவாக்கினார்கள். வட இந்தியாவின் கரும்புச் சாகுபடியே அதனால் மாறியது. 1930களில் அதே நிலையத்தில் ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு இங்கிலாந்து போய் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை 1945இல் வெளியிட்டார். நான் எலியில் செய்ததை அவர்கள் இதே மண்ணில் கரும்பில் எனக்கு இரண்டு தலைமுறை முன்பே செய்திருந்தார்கள்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. நான் முன்பு சொன்ன எலிக் கலப்பில் பிறந்த 94 எலிகளின் டிஎன்ஏவை அவர்கள் ஒரு பேனலாகச் சேகரித்து, 1994இல் லூசி ரோவும் சக ஊழியர்களும் அதைப் பற்றி எழுதி, கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். இது அறிவியலில் நான் கண்ட மிகச் சிறந்த பொது ஏற்பாடுகளில் ஒன்று. உலகம் முழுவதும் எல்லோரும் அதே 94 எலிகளில்தான் தங்கள் ஜீனைச் சோதித்தார்கள். முடிவைப் பார் ஹார்பருக்கு அனுப்பினால் முன்பு வந்த அத்தனை ஜீன்களோடும் ஒப்பிட்டு இடத்தைச் சொல்வார்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ஜீனும் அடுத்தவருக்கு ஓர் எல்லைக்கல் ஆகிவிடும். யாரும் தனக்கென்று பதுக்கி வைக்க வழியே இல்லை.

முதல் படி, இரு பெற்றோருக்கும் இடையே வித்தியாசம் காட்டும் நொதியைத் தேடுவது. ஈகோஆர்1, டாக்1, எம்எஸ்பி1 என்று ஒவ்வொரு நொதியாக டிஎன்ஏவை வெட்டி, அகரோஸ் ஜெல்லில் இரவு முழுக்க ஓட்டி, எட்வின் சதர்ன் 1975இல் காட்டிய முறைப்படி நைலான் சவ்வுக்கு மாற்றுவோம். ஜெல்லின் மேல் சவ்வு, அதன் மேல் வடிதாள், அதன் மேல் காகிதத் துவாலை அடுக்கு, உச்சியில் ஒரு கனமான புத்தகம். உப்புக் கரைசல் மெல்ல மேலேறும்போது டிஎன்ஏவும் ஏறிச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் எக்ஸின் சிடிஎன்ஏவில் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32ஐ ஏற்றி, 65 டிகிரி வெப்பத்தில் சவ்வோடு ஊறவைப்போம். பாஸ்பரஸ்-32இன் அரை ஆயுள் 14.3 நாள். சரக்கு வந்த வாரமே வேலையை முடிக்காவிட்டால் படம் மங்கும், அதனால் அந்த வாரத்துக்கு ஆய்வகத்தில் வேறு பேச்சே இருக்காது. அக்ரிலிக் தடுப்புக்குப் பின்னால் நின்று, கீகர் கருவி கரகரக்கக் கழுவி, சவ்வை எக்ஸ்ரே ஃபிலிமோடு கேசட்டில் பூட்டி, மைனஸ் 80 ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். பிறகு காத்திருப்பதுதான் வேலை.

ஃபிலிம் டெவலப்பரிலிருந்து வெளியே வரும் அந்த நிமிடம் இந்தத் தொழிலின் உயிர். இருட்டறையின் சிவப்பு விளக்கில் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு கோடு கோடாகக் கருமை எழும். ஸ்ப்ரீட்டஸின் பட்டை எல்லா எலிக்கும் இருக்கும். கருப்பு எலியின் பட்டை ஏறத்தாழ பாதி எலிகளுக்கு மட்டும் இருக்கும். இருந்தால் பி, இல்லாவிட்டால் எஸ். ஒவ்வொரு எலிக்கும் ஓர் எழுத்து, 94 எழுத்துகள் கொண்ட ஒரே வரி. உலகில் இதுவரை இடம் குறிக்கப்பட்ட மற்ற ஜீன்களுக்கும் இதே போல ஒவ்வொரு வரி உண்டு. நம் வரியோடு அதிகம் ஒத்துப்போகும் வரி எதுவோ அதன் பக்கத்தில்தான் நம் ஜீன். 94இல் ஒரே ஒரு எலியில் மட்டும் எழுத்து மாறினால் தொலைவு 1.06 சென்டிமார்கன். எலியில் ஒரு சென்டிமார்கன் என்பது சுமாராக இருபது லட்சம் எழுத்து நீளம். மொத்தத் தொகுதியோ சுமார் 270 கோடி எழுத்து. 94 எலிகளையும் ஒரு பென்சிலையும் வைத்துக்கொண்டு அத்தனை பெரிய பரப்பில் ஒரு ஜீனை இருபது லட்சம் எழுத்துக்குள் அடக்கிவிட முடியும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

வரிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் முன் நான் எப்போதும் கையால் அடுக்குவேன். ஜீன்களை எந்த வரிசையில் வைத்தால் மாற்றங்கள் மிகக் குறைவாக வருகின்றனவோ அதுவே சரியான வரிசை. ஓர் எலியில் பி, எஸ், மறுபடி பி என்று அடுத்தடுத்து மாறினால் சந்தேகப்பட வேண்டும். அவ்வளவு குறுகிய இடத்தில் இரண்டு ஒட்டுகள் விழுவது அபூர்வம். அப்படி வந்தால் அந்த எலியின் டிஎன்ஏவை மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே எழுத்தை நம்புவோம். வரிசை முறையாக உட்கார்ந்துவிட்டால் அந்தக் காகிதத்தைப் பார்க்க மனம் நிறையும்.

புரோட்டியசோம் ஜீன்களில் ஒரு தனித் தொல்லை உண்டு. இந்தத் துணை அலகுகள் ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தம். அது போதாதென்று, சிலவற்றுக்குப் பொய்ஜீன்களும் உண்டு. எப்போதோ ஒரு ஆர்என்ஏ மறுபடி டிஎன்ஏவாக மாறித் தொகுதியில் வேறெங்கோ போய் ஒட்டிக்கொண்ட, இன்ட்ரான் (ஜீனுக்கு இடையே இருந்து, ஆர்என்ஏவிலிருந்து நீக்கப்படும் பகுதி) இல்லாத, பெரும்பாலும் வேலை செய்யாத நகல்கள் அவை. கதிரியக்கம் ஏற்றிய சிடிஎன்ஏவை ப்ரோபாகப் போட்டால் உண்மையான ஜீன், நகல் இரண்டுமே பட்டையாகத் தெரியும். எது எது என்று பிரிக்காமல் இடம் குறித்தால் வேறு குரோமோசோமில் போய் நிற்போம். வழி இதுதான்: நகலில் இல்லாத இன்ட்ரான் பகுதியிலிருந்து ஒரு துண்டை எடுத்து ப்ரோபாகப் பயன்படுத்துவது. அப்போது உண்மையான ஜீன் மட்டும் பேசும். அதற்கு முழு ஜீனின் அமைப்பும் முதலில் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே இடம் குறிப்பதற்கு முன்பு மாதக்கணக்கில் ஜீனோமிக் குளோன்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1997க்குப் பிறகு கதிர்வீச்சுக் கலப்புச் செல்களின் பேனல் ஒன்று வந்து வேலை வேகமானது. ஆனால் பொய்ஜீன் தொல்லை அதிலும் போகவில்லை.

எக்ஸின் வரி பதினான்காவது குரோமோசோமில் உட்கார்ந்தது. பக்கத்தில் யார் என்று பார்த்தோம். டி செல் ஏற்பியின் ஆல்ஃபா ஜீன்! புரோட்டியசோம் வெட்டிய துண்டு எம்எச்சியின் கையில் ஏறிச் செல்லின் வெளியே வரும்போது அதைப் படித்துப் பார்க்கும் கண் இந்த ஏற்பி. வெட்டும் அலகின் ஜீன் படிக்கும் ஏற்பியின் ஜீனுக்கு அருகில். எங்கள் குழுவில் அன்று எல்லோருக்கும் உற்சாகம். பக்கத்தில் இருப்பதாலேயே இரண்டுக்கும் உறவு என்று முடிவு கட்டிவிட முடியாது, தற்செயலாகவும் நேரலாம் என்று எங்கள் பேராசிரியர் நிதானப்படுத்தினார். அது சரியான நிதானம், எங்கள் கட்டுரையில் அதற்கு மேல் ஒரு சொல்லும் நாங்கள் சேர்க்கவில்லை. 1998இல் கசஹாராவின் ஜப்பானியக் குழு, புரோட்டியசோமை முடுக்கிவிடும் பிஏ28இன் ஆல்ஃபா, பீட்டா ஜீன்களின் அமைப்பை விரிவாக வெளியிட்டது. அவையும் இதே பதினான்காவது குரோமோசோமில், இதே வட்டாரத்தில் இருந்தன.

அதைவிடப் பெரிய செய்தி 2007இல் வந்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் முராட்டாவும் தனாகாவும் தைமஸ் சுரப்பியில் மட்டுமே வேலை செய்யும் ஒரு புதிய பீட்டா5ஐக் கண்டார்கள். பீட்டா5டி என்று பெயர் வைத்தார்கள். அதன் ஜீன் எங்கள் எக்ஸின் ஜீனுக்கு ஒட்டிய பக்கத்து வீடு. அந்த ஜீனில் இன்ட்ரானே இல்லை! இன்ட்ரான் இல்லாத நகல் என்றால் பொய்ஜீன் என்று ஒதுக்கும் வழக்கம் அந்த நாளில் எங்கள் துறை முழுக்க இருந்தது. இதுவோ உயிரோடு வேலை செய்கிறது. இது இல்லாத எலிகளில் சிடி8 டி செல்கள் இயல்பான அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்துபோகின்றன. தைமஸில் டி செல்களுக்கு எந்தத் துண்டுகளைக் காட்டிப் பழக்குவது என்பதையே அது தீர்மானிக்கிறது. பக்கத்து வீட்டை ஒருபோதும் காலி என்று எழுதிவிடக் கூடாது என்று அன்று முதல் மாணவர்களிடம் சொல்லிவருகிறேன்.

இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த கட்டுரை எங்களுடையது அல்ல. 1996இல் கசஹாராவும் சக ஆய்வாளர்களும் இசட் துணை அலகின் ஜீனை எலியின் இரண்டாவது குரோமோசோமில் இடம் குறித்து எழுதியது. அக்கம்பக்கத்தைப் பட்டியல் போட்டபோது விசித்திரமான ஒற்றுமை தெரிந்தது. பதினேழாவது குரோமோசோமின் எம்எச்சி பகுதியில் உள்ள ஜீன்கள் பலவற்றுக்கும் சகோதர ஜீன்கள் இங்கே இசட்டைச் சுற்றி இருந்தன. அங்கே ஒரு ரெடினாய்டு ஏற்பி என்றால் இங்கும் ஒன்று. அங்கே ஒரு நாட்ச் ஜீன் என்றால் இங்கும் ஒன்று. ஒரு முழுத் தெருவே எப்போதோ நகலெடுக்கப்பட்டு இரண்டாகியிருக்கிறது என்றார்கள். முதுகெலும்புள்ள உயிர்கள் தோன்றிய காலத்தில் மொத்த மரபணுத் தொகுதியே இரட்டிப்பானது என்று சுசுமு ஓனோ 1970இல் எழுதியதற்கு இது ஒரு சாட்சி. தாடை இல்லாத லாம்ப்ரே போன்ற மீன்களுக்கு எம்எச்சி கிடையாது, சுறாவுக்கு உண்டு. நம் உடம்பின் தடுப்புச் சக்தி எப்படி உருவானது என்ற கேள்விக்கு ஒரு ஜீனின் விலாசம் இவ்வளவு தூரம் பதில் சொல்லும் என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை. அந்தக் கட்டுரையின் நகலைப் பல ஆண்டுகள் என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

ஊரில் உறவினர்கள் கேட்கும் கேள்வி வேறு: எலியில் இடம் தெரிந்து மனுஷனுக்கு என்ன பயன்? நியாயமான கேள்விதான். எலியின் பதினான்காவது குரோமோசோமில் நாங்கள் பார்த்த வட்டாரம் மனிதனிலும் கிட்டத்தட்ட அப்படியே, மனிதனின் பதினான்காவது குரோமோசோமில் இருக்கிறது. எண் ஒன்றாக அமைந்தது தற்செயல், வட்டாரம் ஒன்றாக அமைந்தது பொது மூதாதை தந்தது. மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு போர்டிசோமிப் என்ற ஊசி மருந்து 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று கோயம்புத்தூர் மருத்துவமனைகளிலும் அது போடப்படுகிறது. அந்த மருந்து போய் ஒட்டுவது பீட்டா5இன் வெட்டும் இடத்தில். எக்ஸ் என்று நாங்கள் கூப்பிட்ட அதே அலகு. அதன் ஜீனில் சில மாற்றங்கள் வந்த செல்கள் மருந்துக்கு அசையாமல் நிற்பதையும் ஆய்வகங்கள் பார்த்திருக்கின்றன.

இன்னொன்று எம்எச்சி பகுதியின் எல்எம்பி7. 1939இலேயே ஜப்பானிய மருத்துவர் நகாஜோ விவரித்த ஒரு பரம்பரை நோயில் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வரும், தோலில் தடிப்புகள் தோன்றும், விரல்கள் நீண்டு மடங்கும், உடம்பின் கொழுப்பு கரையும். 2010, 2011ஆம் ஆண்டுகளில் ஜப்பானியக் குழுக்களும், அமெரிக்காவில் அபிமன்யு கர்க்கின் குழுவும், இதுவும் இதைப் போன்ற நோய்களும் எல்எம்பி7இல் வரும் மாற்றத்தால்தான் என்று காட்டினார்கள். நெருங்கிய உறவில் மணந்த பெற்றோரின் பிள்ளைகளில் இரு குரோமோசோமும் ஒரே மாதிரி இருக்கும் பகுதியைத் தேடிப் பிடிப்பது இத்தகைய நோய்களின் ஜீனைக் கண்டுபிடிக்க உதவும் வழி. அதுவும் இடம் குறிக்கும் தொழில்தான். மாமன் மகள், அக்காள் மகள் கட்டும் வழக்கம் இன்னும் போகாத நம் மாவட்டங்களில் விளங்காத பரம்பரை நோயோடு ஒரு குழந்தை வந்தால், குடும்ப வரலாற்றைத் தாத்தா, பாட்டி வரை கேட்டு எழுதிக்கொள்ளும் மருத்துவர் அந்த ஜீனைத் தேடுபவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கிறார்.

இப்போது ஊரில்தான் இருக்கிறேன். சூலூரைச் சுற்றியும் கோயம்புத்தூரிலும் உயிரித்தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகள் நிறைய. கூப்பிட்டால் போய்ப் பேசுகிறேன். மாணவர்கள் கெட்டிக்காரர்கள், மென்பொருளில் ஜீனைத் தேடி எடுப்பதில் என்னைவிட வேகம். ஆனால் ஒரு சென்டிமார்கன் எப்படி வருகிறது என்று கேட்டால் அறையில் மௌனம் விழுகிறது. அவர்கள் பேரில் குறை இல்லை. யாரும் அவர்களை ஒரு வரியைக் கையால் எண்ண வைக்கவில்லை.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஜாக்சன் ஆய்வகத்தின் எலி மரபணுத் தகவல் தளத்தில் அந்த 94 எலிகளின் வரிகள் இன்றும் இருக்கின்றன, காசு கொடுக்க வேண்டியதில்லை. பதினான்காவது குரோமோசோமிலிருந்து பத்து ஜீன்களின் வரிகளை எடுத்து, பெயரை மறைத்து, வரிசை கலைத்து, மாணவர்களிடம் காகிதமும் பென்சிலும் கொடுங்கள். மாற்றங்கள் குறையும் வரை அடுக்கச் சொல்லுங்கள். பிறகு பெயர்களைக் காட்டி, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், ஏன் இருக்கலாம் என்று பேசவிடுங்கள். ஒரு மதியம் போதும், எந்தக் கருவியும் வேண்டாம். அடுத்த பருவத்திலேயே செய்து பாருங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.